காது கேட்ட படங்கள்

நேயர்களுக்கு வணக்கம். 2020-ஆம் ஆண்டு வந்த படங்களில் என் மனத்துக்கு நெருக்கமானவற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திரையரங்குகள் பூட்டிக் கிடந்த ஆண்டு. கான் திரைப்பட விழாகூட வழக்கம்போல் நடக்கவில்லை. தேர்வு செய்த 56 படங்களின் பெயர்களை மட்டும் அறிவித்தார்கள். நாமெல்லாம் உள்ளங்கை அளவு திரையில் படம் பார்த்தோம். அப்படிப் பார்த்தும் சிறுத்துப் போகாத படங்களே என் தேர்வு.

முதலில் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. டேரியஸ் மார்டர் இயக்கியது. ரூபன் என்ற டிரம்ஸ் கலைஞனுக்குத் திடீரென்று காது கேட்காமல் போகிறது. நடித்திருப்பவர் ரிஸ் அகமது. ஓர் இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஒலி மங்கிவிட்டது. பேச்செல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒலியைக் கூட்டினேன். பிறகுதான் உறைத்தது: எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது ரூபனின் காதுக்குக் கேட்பது. அவனும் அந்த நேரத்தில் என்னைப் போலத்தான், ஏதோ சின்னக் கோளாறு, சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறான்.

இந்த நிகழ்ச்சியில் நான் ஐந்து விநாடி பேசாமல் இருந்தால் உங்கள் கை தானாக வானொலிப் பெட்டியின் திருகுக்குப் போகும், இல்லையா? மௌனத்தை நாம் பழுது என்றே எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணத்தைத்தான் இந்தப் படம் மெல்ல மெல்ல மாற்றுகிறது. ஒரு காட்சியில், காது கேளாத சிறுவன் ஒருவனோடு சறுக்குமரத்தில் இருக்கும் ரூபன், அதன் தகட்டில் தாளம் தட்டுகிறான். அதிர்வாகவே தாளம் சிறுவனைப் போய்ச் சேருகிறது. அந்தச் சிறுவனின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஒலிக்கும் படத்தொகுப்புக்கும் ஆஸ்கர் கிடைத்தது பொருத்தமே. மறுபடியும் சொல்கிறேன், ஹெட்போன் இல்லாமல் இதைப் பார்க்காதீர்கள்.

அடுத்தது 'தேர் இஸ் நோ ஈவில்'. மரண தண்டனையை நிறைவேற்றும் கைகளைப் பற்றிய நான்கு கதைகள். உலகம் கதவடைப்பதற்குச் சற்று முன், பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. இயக்குநர் முகம்மது ரசூலோஃபுக்கு ஈரானை விட்டு வெளியேறத் தடை இருந்ததால், படத்தில் நடித்த அவருடைய மகள் பாரான்தான் விருதை வாங்கிக்கொண்டார். முதல் கதையின் நாயகன் மனைவியோடு கடைக்குப் போகிறான், தாயைக் கவனித்துக்கொள்கிறான்; நம் பக்கத்து வீட்டுக்காரரைப் போன்றவன். விடிவதற்குள் அவன் செய்யும் வேலையை நான் சொல்லப் போவதில்லை.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று': தந்தையைக் கடைசியாகப் பார்க்க, விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்தும் காட்சிக்காகவே என் பட்டியலில் உண்டு. கடைசியாக, டென்மார்க்கின் 'அனதர் ரவுண்ட்'. படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே இயக்குநர் தாமஸ் வின்டர்பெர்க் தன் மகளை விபத்தில் பறிகொடுத்தார். அதன் பிறகும் அந்தப் படத்தை ஒரு நடனத்தில் முடித்திருக்கிறார். அந்த நடனத்தைப் பற்றி நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன், நீங்களே பாருங்கள். வணக்கம்.