பீடிகை வேண்டாம், பதிலைச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். தொழிலுக்காகவோ ஆர்வத்தாலோ ஒரு இணையதளம் வைத்துக்கொண்டு, 'எவ்வளவு எழுதியும் தேடினால் நம் பக்கம் மேலே வரவில்லையே' என்று கவலைப்படுகிறவர்களுக்காகத்தான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன். சொந்தமாக ஒரு வரி எழுதாதவர்களும் கேட்கலாம். தேடுகிறவர் பக்கத்து அனுபவம் நம் எல்லோருக்குமே இருக்கிறது.

ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். குளியலறைக் குழாய், இறுக்கி மூடிய பிறகும் சொட்டுகிறது. கைபேசியை எடுத்து, 'குழாயை மூடினாலும் தண்ணீர் சொட்டுகிறது, என்ன செய்வது' என்று தேடுகிறீர்கள். ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அது எப்படித் தொடங்குகிறது? 'தண்ணீர் மனித வாழ்வுக்கு இன்றியமையாதது. இன்றைய நவீன உலகில் குழாய் இல்லாத வீடே இல்லை எனலாம்.' விரலால் தள்ளுகிறீர்கள். குழாய்களின் வகைகள் வருகின்றன. இன்னும் தள்ளுகிறீர்கள். நல்ல குழாயைத் தேர்ந்தெடுப்பதன் நன்மைகள் வருகின்றன. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், தண்ணீரை நிறுத்திவிட்டு அதை மாற்றுங்கள் என்ற ஒரு வரி எங்கோ அடியில் கிடக்கிறது. அந்த வரிக்காகத்தானே நீங்கள் வந்தீர்கள்?

இந்தப் பீடிகையைப் பற்றித்தான் நான் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்றும் அதைத்தான் பேசப்போகிறேன். கேள்வியோடு வந்தவருக்கு முதலில் பதிலைச் சொல்லுங்கள். விளக்கம், வரலாறு, வகைகள் எல்லாம் அப்புறம்.

சரி, இந்தப் பீடிகை எங்கிருந்து வந்தது? எழுதுகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படி எழுதுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய காலம் இருக்கிறது. 1990-களில் வந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த சொற்களை நம்பித்தான் இயங்கின. தேடிய சொல் பக்கத்தில் அடிக்கடி வந்தால் பக்கம் மேலே வரும். இதைக் கண்டுகொண்டவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக அடுக்கி வைத்தவர்கள்கூட உண்டு. படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். பக்கத்தின் உள் நிரலில் 'கீவேர்டு' என்று ஒரு பட்டியல் போடும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது வேறு ஒரு யோசனையோடு வந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், மற்றவர்கள் அதை எவ்வளவு சுட்டுகிறார்கள் என்றும் பார்ப்போம் என்றார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பலர் பரிந்துரைக்கும் பக்கமே ஒன்றைப் பரிந்துரைத்தால் அதற்கு எடை கூடுதல். இதற்குத்தான் பேஜ்ரேங்க் என்று பெயர். அப்புறம் என்ன ஆனது? லிங்க்குகளை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குறுக்கு வழிக்கும் தேடுபொறி ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 2009-இல், அந்தக் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. 2011 பிப்ரவரியில் 'பாண்டா' என்ற மாற்றம் வந்தது. எண்ணிக்கைக்காகவே மேலோட்டமான கட்டுரைகளைக் குவித்த தளங்கள் அதில் சரிந்தன. 2012-இல் வந்த 'பெங்குயின்' செயற்கையான லிங்க்குகளைக் குறிவைத்தது.

இத்தனை நடந்தும், 'ஒரு கட்டுரை இத்தனை சொற்களுக்குக் குறையக் கூடாது, அந்தச் சொல் முதல் பத்தியில் இத்தனை முறை வர வேண்டும்' என்ற பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை. எழுதுகிறவர்களிடம் சொல்லெண்ணிக்கையைச் சொல்லித்தான் வேலை கொடுக்கிறார்கள். பதில் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். மீதியை எதை வைத்து நிரப்புவது? அங்கேதான் 'இன்றைய நவீன உலகில்' பிறக்கிறது. கூகுள் தன் வழிகாட்டுதலில், தனக்குப் பிடித்த சொல்லெண்ணிக்கை என்று எதுவும் கிடையாது என்றே எழுதி வைத்திருக்கிறது. இதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன், இப்போதுதான் வானொலியைப் போட்டவர்களுக்காக: இத்தனை சொல் எழுதினால்தான் மேலே வரும் என்று ஒரு விதியே இல்லை. பொருளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எழுதுங்கள். சிலவற்றுக்கு நூறு சொல் போதும். சிலவற்றுக்கு மூவாயிரமும் போதாது.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். கையில் நல்ல தொழில் இருக்கிறது, தளமும் இருக்கிறது, ஆனால் தளம் வழியாக யாரும் வருவதில்லை. பாருங்கள் என்று காட்டினார். முகப்பில் 'சிறந்த வாஷிங் மெஷின் சர்வீஸ், தரமான வாஷிங் மெஷின் சர்வீஸ், நம்பகமான வாஷிங் மெஷின் சர்வீஸ்' என்று வரிக்கு வரி அதேதான். யாரோ எழுதிக் கொடுத்தது. வாஷிங் மெஷினைக் கையால் தொட்ட ஒருவர் எழுதியது என்பதற்கு அதில் ஓர் அடையாளம்கூட இல்லை.

நான் அவரிடம் தளத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 'உங்களுக்குப் போன் செய்கிறவர்கள் முதலில் என்ன சொல்கிறார்கள்?' என்று மட்டும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. 'துவைச்சு முடிச்சிருச்சு, ஆனா தண்ணி வெளியே போகலை, கதவும் திறக்கலை. இதுதான் சார் அதிகம் வரும்' என்றார். 'அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?'

அவ்வளவுதான், கொட்டத் தொடங்கிவிட்டார். முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்வாராம். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருக்கச் சொல்வார். முன்பக்கம் கதவு வைத்த மெஷின் என்றால், கீழே மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே வட்டமாக ஒரு திருகு. அதுதான் பம்பின் ஃபில்டர். அதைத் திருகும் முன்பு தட்டையான ஒரு தட்டும் பழைய துண்டும் தரையில் போட்டுக்கொள்ளுங்கள், தேங்கிய தண்ணீர் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் தளர்த்தி, வடிந்ததும் மறுபடி கொஞ்சம். உள்ளே நாணயம், சட்டைப் பொத்தான், ஹேர்பின், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், ஏதாவது ஒன்று மாட்டியிருக்கும். எடுத்துவிட்டு இறுக்கி மூடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை அங்கிருந்தே ஒழுகும். அதற்கும் சரியாகவில்லையா? மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பின்னால் இருக்கும் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வெளியேற வேண்டிய நேரத்தில் பம்பிலிருந்து உறுமல் சத்தம் மட்டும் வந்தால் ஏதோ அடைத்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பம்போ மின் இணைப்போ போயிருக்கலாம், அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

நான் குறித்துக்கொண்டே வந்தேன். 'இதையே அப்படியே போடுவோம்' என்றேன். அவர் தயங்கினார். 'எல்லாத்தையும் சொல்லிட்டா என்னை யார் சார் கூப்பிடுவாங்க?' நியாயமான பயம். தொழில் செய்கிற பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ஆனால் போனில் தினமும் இலவசமாகச் சொல்வதைத்தானே எழுதப்போகிறோம். தலைப்பாக, மக்கள் கேட்கிற கேள்வியையே வைத்தோம்: 'வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லையா?' முதல் வரியே, 'பெரும்பாலும் ஃபில்டர் அடைப்புதான், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இப்படிச் செய்து பாருங்கள்.' அதற்குக் கீழே, அவர் சொன்ன வரிசையிலேயே எல்லாம். அந்தத் தட்டும் பழைய துண்டும் உட்பட.

மெதுவாகத்தான் நடந்தது. தேடுபொறியில் எதுவும் மறுநாளே நடக்காது. சில மாதங்கள் கழித்து அவர் சொன்ன செய்தி இது: இப்போது கூப்பிடுகிறவர்கள், 'நீங்கள் எழுதியபடி ஃபில்டரைப் பார்த்துவிட்டேன், ஹோஸும் சரியாக இருக்கிறது, பம்பில் சத்தம் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டே கூப்பிடுகிறார்களாம். பாதிப் பரிசோதனை முடிந்த வாடிக்கையாளர். எந்த உதிரிப் பாகத்தை எடுத்துப் போக வேண்டும் என்று கிளம்பும்போதே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தாங்களே சரிசெய்துகொண்டவர்கள் அந்தப் பக்கத்தை மற்றவர்களுக்கு அனுப்புகிறார்கள். லிங்க் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தத் தட்டும் துண்டும் என்று சொன்னேன் இல்லையா, அதில்தான் எனக்குப் பெரிய விஷயம் இருக்கிறது. ஃபில்டரைத் திருகினால் தண்ணீர் கொட்டும் என்பது அதைச் செய்து தரையெல்லாம் ஈரமான ஒருவருக்குத்தான் முந்திக்கொண்டு ஞாபகம் வரும். கூகுள் தன் தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்திருக்கிறது. எழுதியவரின் நிபுணத்துவம், அந்தத் துறையில் அவருக்குள்ள மதிப்பு, நம்பகத்தன்மை ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லி வந்தது. 2022 டிசம்பரில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: நேரடி அனுபவம். அந்த மதிப்பீட்டாளர்கள் எந்தப் பக்கத்தையும் நேராக ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை. ஆனால் தேடுபொறி எந்தத் திசையில் போக நினைக்கிறது என்பது அதில் தெரிகிறது. செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எப்படி எழுதினீர்கள் என்பதைவிடத் தரத்தைத்தான் பார்ப்போம் என்று கூகுள் 2023-இல் சொன்னது. தரவரிசைக்காகவே பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்தால் அது விதிமீறல் என்று 2024 மார்ச்சில் தெளிவாக்கியது. என் கருத்து எளிமையானது. கருவி எதுவாகவும் இருக்கட்டும், அந்தத் தட்டும் துண்டும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தேடுபவர் அடிக்கும் அதே சொல்லை அச்சு மாறாமல் திணிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2019-இல் கூகுள், சொற்களைச் சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் 'பெர்ட்' என்ற மொழி மாதிரியைத் தேடலில் சேர்த்தபோது ஒரு எடுத்துக்காட்டு காட்டியது. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். அதற்கு முன்பு, அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குப் போகிறவர்களுக்கான பக்கங்கள் வந்துகொண்டிருந்தன. திசையைக் காட்டும் 'to' என்ற சின்னச் சொல்லை இயந்திரம் கவனிக்கவில்லை. பெர்ட் வந்த பிறகு கவனித்தது. ஆகவே இயல்பாக எழுதுங்கள். மக்கள் வழங்குகிற சொல்லை வையுங்கள். அது தலைப்பிலும் முதல் பத்தியிலும் தானாகவே வந்துவிடும், துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

படிப்பவர்களையும் பாருங்கள். வலையில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று, இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-லேயே ஆராய்ந்து எழுதினார். சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கம் எதையும் மேய்ந்துவிட்டுத்தான் போனார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். அப்போது பெரிய திரை, மேசை, நாற்காலி எல்லாம் இருந்தது. இன்று ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் சொட்டுகிற குழாய். அவரிடம் போய்ப் பீடிகை போடலாமா?

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு நிமிடம்தான் இருக்கிறது போலிருக்கிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வையுங்கள். 'முகப்பு', 'சேவைகள்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தேடல் முடிவில் அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வருவதா என்று முடிவு செய்கிறார்கள். நீளமான கட்டுரைக்குள் துணைத்தலைப்புகள் போடுங்கள். அவற்றை மட்டும் படித்தாலே விஷயம் பிடிபட வேண்டும். லிங்க் கொடுக்கும்போது 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதாமல், எங்கே போகிறது என்பதை எழுதுங்கள். படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று மாற்று உரையில், அதாவது 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற இடத்தில், ஒரு வரி சேருங்கள். பார்வையற்றவர்களின் திரைபடிப்பான் அதைத்தான் படிக்கும், தேடுபொறிக்கும் அது உதவும். பெரிய படங்களைச் சுருக்கிப் போடுங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு.

இன்னொன்று, கூகுள் சர்ச் கன்சோல். இலவசக் கருவி. எந்தக் கேள்விகளுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் தெரியும். நீங்கள் பதிலே எழுதாத ஒரு கேள்விக்கு உங்கள் பக்கம் அடிக்கடி காட்டப்படுகிறதா? அதுதான் நீங்கள் அடுத்து எழுத வேண்டியது. பழைய பக்கங்களையும் எடுத்துப் பாருங்கள். மாறிப்போன தகவலைத் திருத்துங்கள், திருத்திய பிறகு தேதியை மாற்றுங்கள். உள்ளே எதையும் தொடாமல் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். அப்படிச் செய்கிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டுதலே ஒரு கேள்வியாகக் கேட்கிறது. ஒரே விஷயத்தைப் பற்றி ஐந்து மெலிந்த பக்கங்கள் இருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, பழைய முகவரிகளைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று சொல்லவும் குறிப்பு எடுத்து வந்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. உங்கள் தளத்தைப் பராமரிப்பவரிடம் '301 திருப்புகை' என்று கேளுங்கள், செய்து கொடுப்பார். நன்றி, வணக்கம்.