இரண்டாம் முறை வாங்க வைப்பது எது?

நேயர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக ஒரு பொருளைத் தயாரித்து விற்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "விளம்பரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?" நான் பதிலுக்கு இன்னொன்று கேட்பேன். "உங்கள் பொருளை ஒரு தடவை வாங்கியவர் அடுத்த தடவை கடைக்குப் போனால், எதை அடையாளமாக வைத்து அதைத் தேடி எடுப்பார்?" பலர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். விளம்பரம் ஒருவரை முதல் முறை வாங்க வைக்கும். அவரை மறுபடி வர வைப்பது பிராண்ட். இந்த வரிசை மாறிப்போய்ப் பணத்தைக் கரைத்தவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிராண்ட் என்றதும் லோகோவும் வண்ணமும்தான் நினைவுக்கு வரும். அவை வெறும் அடையாளங்கள். இந்தப் பெயர் போட்டிருந்தால் உள்ளே இன்னது இருக்கும், இப்படித்தான் இருக்கும் என்று வாங்குபவர் மனதில் பதிந்துபோன நம்பிக்கைதான் பிராண்ட். அந்த நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கோடக்.

1888ஆம் ஆண்டு. புகைப்படம் எடுப்பது அப்போது பெரும் வேலை. கண்ணாடித் தகடுகள், ரசாயனங்கள், இருட்டறை எல்லாம் வேண்டும். அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஒரு சின்ன காமிராவைக் கொண்டு வந்தார். பெயர் கோடக். அந்தச் சொல்லுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது, அவரே இட்டுக்கட்டியது. சிறியதாக இருக்க வேண்டும், தப்பாக உச்சரிக்க முடியக்கூடாது, வேறு எதோடும் குழம்பக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த பெயர். கூடவே ஒரு விளம்பர வாசகமும் வந்தது: "பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

கேட்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் அந்த வாசகத்துக்குப் பின்னால் என்ன ஏற்பாடு இருந்தது தெரியுமா? காமிராவுக்குள் 100 படங்களுக்கான சுருளைப் போட்டே விற்றார்கள். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். அவர்கள் படங்களைக் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சொன்ன ஒரு வரியை நிறைவேற்ற ஒரு தொழிற்சாலையே வேலை செய்தது. உங்கள் பொருளைப் பற்றி நீங்கள் எழுதும் ஒற்றை வரிக்குப் பின்னால் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரியை மாற்றுங்கள், அல்லது ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

பெயரைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். 'தூய', 'சிறந்த', 'தரமான' என்று பொருளின் குணத்தையே பெயராக வைத்தால் டிரேட்மார்க், அதாவது அந்தப் பெயரை உங்கள் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் சட்ட உரிமை, வாங்குவது கடினம். அந்தச் சொற்கள் எல்லாருக்கும் பொது. அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 'எஸ்கலேட்டர்' ஒரு காலத்தில் ஓட்டிஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். எல்லாரும் அதையே பொதுப்பெயராகச் சொல்லிப் பழகி, 1950இல் அமெரிக்காவில் அந்தத் தனியுரிமையே போய்விட்டது. லேபிள் அச்சடிக்கும் முன்னால், அதே பெயரை வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், தோற்றம். தயாரிப்பவருக்குத் தினமும் பார்த்துப் பார்த்துத் தன் பாக்கெட் அலுத்துவிடும். வாங்குபவருக்கு அது அலுப்பதில்லை, ஏனென்றால் அவர் அதை ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை; அடையாளம் காண்பதற்காகப் பார்க்கிறார். 2009இல் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு தன் பெட்டியின் வடிவமைப்பை மாற்றியது. உறிஞ்சு குழல் செருகிய ஆரஞ்சுப் படம் போய், கண்ணாடிக் குவளையில் சாறு வந்தது. உள்ளே இருந்த சாற்றில் எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பழைய பெட்டியையே திரும்பக் கொண்டு வந்தார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்குப் பழகிய ஒன்றில் அவருக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பெயரின் எழுத்து, வண்ணம், படம் மூன்றையும் ஒரே நாளில் தொடாதீர்கள்.

சரி, இப்போது விற்பனை ஊக்குவிப்புக்கு வருவோம். தள்ளுபடி, இலவச மாதிரி, ஒன்று வாங்கினால் ஒன்று, சமூக வலைத்தள விளம்பரம் என்று வழிகள் நிறைய, உங்களுக்கே தெரியும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன்.

1992இல் பிரிட்டனில், துணி துவைக்கும் இயந்திரம் போன்ற வீட்டுச் சாதனங்களை விற்ற ஹூவர் நிறுவனம் ஒரு சலுகை அறிவித்தது. 100 பவுண்டுக்கு மேல் பொருள் வாங்கினால் இரண்டு பேருக்கு விமான டிக்கெட் இலவசம். டிக்கெட்டின் மதிப்பு பொருளின் விலையைவிட அதிகம். கூட்டம் குவிந்தது, டிக்கெட்டுக்காக. நிறுவனத்தால் சமாளிக்க முடியவில்லை. டிக்கெட் கிடைக்காதவர்கள் நீதிமன்றம் போனார்கள். நஷ்டம் சுமார் 5 கோடி பவுண்டு.

இன்னொன்று 1900இல் நடந்தது. பிரான்சில் டயர் செய்துகொண்டிருந்த மிஷலின் சகோதரர்கள் கார் ஓட்டுபவர்களுக்கென்று ஒரு சிறு கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். சுமார் 35,000 பிரதிகள். டயரை எப்படி மாற்றுவது, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. கையேடு இருந்தால் மக்கள் தைரியமாகத் தூரப் பயணம் போவார்கள். போனால் டயர் தேயும். இலவசமாகக் கொடுத்த பொருள், விற்கும் பொருளின் பயன்பாட்டையே கூட்டியது. ஹூவரின் விமான டிக்கெட்டுக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

கையில் பெரிய முதல் இல்லாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஏற்கெனவே உங்கள் பொருளை இரண்டு முறைக்கு மேல் வாங்கிய பத்துப் பேரிடம் பேசுங்கள். உறவினர்கள் வேண்டாம், அவர்கள் உங்கள் மனம் நோகாமல்தான் பேசுவார்கள். "இதைப் பற்றி நண்பரிடம் சொல்வதானால் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அதே சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாமல். விளம்பரத்துக்கான வாசகம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, "இது நாளைக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "பக்கத்தில் இருக்கும் வேறு ஒன்றை எடுத்துக்கொள்வேன்" என்று ஏழெட்டுப் பேர் சொன்னால், விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை இப்போதைக்குச் செலவழிக்காமல் வைத்திருங்கள். பொருளில் செய்ய வேண்டிய வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

வணக்கம்.