எட்டாயிரம் சிங்கப்பூர் வெள்ளி யார் கணக்கிலிருந்து போகிறது?

[திரையில்: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர்.]

பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று வீட்டில் இரண்டு பேர் கண்ணீர் விடுவார்கள். அம்மா, சந்தோஷத்தில். அப்பா, சம்பளத்தில் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகு.

வணக்கம். சிங்கப்பூரில் பல்கலைக்கழகக் கட்டணம் ஏன் ஏறுகிறது, ஏறினால் யாருக்கு வலிக்கிறது என்று இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம். கட்டணப் பட்டியலை வாசித்துக் காட்டுவது என் நோக்கம் இல்லை. அதை நீங்களே இணையத்தில் பார்த்துவிடலாம். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து கிளம்பி எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதில்தான் கதையே இருக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, ஒரு மகன், அவனைவிட இரண்டு வயது இளைய மகள். மகன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வு முடித்ததும் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்கு, போய்விட்டான். இரண்டு ஆண்டு பச்சைச் சீருடை. அவன் வெளியே வரும் நேரத்தில் தங்கையும் ஏ லெவல் முடித்துவிட்டாள்.

[திரையில்: இரண்டு காலக்கோடுகள் ஒரே ஆண்டில் சந்திக்கின்றன.]

புரிகிறதா? அண்ணனும் தங்கையும் ஒரே ஆகஸ்டில் முதலாம் ஆண்டு. பிறந்தது இரண்டு வருட இடைவெளியில், கட்டணம் வருவது ஒரே மாதத்தில். இரண்டு வயது வித்தியாசத்தில் அண்ணன், தங்கை இருக்கும் எந்தச் சிங்கப்பூர் வீட்டிலும் இது நடக்கலாம். பிள்ளை பெறும்போது யாரும் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது!

சரி, எவ்வளவு? சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ ஒரு பொதுவான பட்டப்படிப்புக்கு, சிங்கப்பூர்க் குடிமகன் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல் கட்டுகிறார். சட்டம் என்றால் 12,000க்கு மேல். மருத்துவம் 30,000 வெள்ளியைத் தொடும். நம் குடும்பத்துக்கு மருத்துவம் வேண்டாம், இருவரும் பொதுவான படிப்பே படிக்கட்டும். கணக்கு எளிதாக இருக்க ஆளுக்கு 8,000 என்று வைப்போம். நான்கு ஆண்டு, இரண்டு பிள்ளைகள்: 64,000 வெள்ளி.

இது மானியம் போன பிறகு வரும் தொகை. மானியம் இல்லாமல் பார்த்தால், அதே பொதுவான படிப்புக்கு ஓர் ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்கு மேல். மீதியைக் கல்வி அமைச்சு 1980 முதல் கொடுத்துவரும் கல்விக் கட்டண மானியம் சுமக்கிறது. குடிமக்களுக்கு அது தானாகவே வந்துவிடும். மருத்துவமும் பல் மருத்துவமும் தவிர மற்ற படிப்புகளுக்கு அதற்காக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இங்கே படிக்கும் பிள்ளைக்குக் கதை வேறு. மானியம் வேண்டுமென்றால், படித்து முடித்ததும் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றில் வேலை செய்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். நிரந்தரவாசிகளுக்கும் அப்படியே. மானியத்துக்குப் பிறகும் அவர்கள் கட்டும் தொகை குடிமக்கள் கட்டுவதைவிட அதிகம். நடுவில் ஊருக்குக் கிளம்பினால், வாங்கிய மானியத்தை வட்டியோடு எண்ணி வைத்துவிட்டுத்தான் போக முடியும். பதினெட்டு வயதில் போடும் கையெழுத்து இது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அந்த ஒப்பந்தத்தை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது.

இப்போது ஏற்றத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 2012ல் கட்டண உச்சவரம்பை ஒரே தாவலில் 9,000 பவுண்டுக்குக் கொண்டுபோனார்கள். மாணவர்கள் அதற்கு முன்பே லண்டன் தெருக்களில் இறங்கியிருந்தார்கள். இங்கே அப்படித் தாவுவதில்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ, அந்த ஆண்டுக் கட்டணம் படிப்பின் வழக்கமான காலம் முடியும்வரை மாறாது. அதனால் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கு வலிப்பதில்லை. வலிக்கப்போகிறவர் இன்னும் உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறார், அவர் செய்தித்தாள் படிப்பதில்லை. சத்தமில்லாமல் ஏறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

ஏன் ஏறுகிறது? 2006ல் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் தன்னாட்சி பெற்றன. கட்டணத்தை நிர்ணயிப்பதில் அவற்றுக்குக் கூடுதல் சுதந்திரம் கிடைத்தது. பேராசிரியர்களை ஹாங்காங்கோடும் ஆஸ்திரேலியாவோடும் போட்டி போட்டுத்தான் இழுக்க வேண்டும். ஆய்வுக்கூடம், சிறிய வகுப்புகள், வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம் எல்லாமே செலவு. இடங்களும் கூடின: ஒரு வயதுப் பிரிவில் 27 விழுக்காட்டினர் அரசாங்க மானியத்தோடு பல்கலைக்கழகம் போன நிலையை 2020க்குள் 40 விழுக்காட்டுக்குக் கொண்டுபோவதாக 2012ல் முடிவெடுத்தார்கள். இன்று தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் ஆறு.

பொருள் சேவை வரி 2024ல் 9 விழுக்காடு ஆனபோது கட்டணமும் அதனால் எகிறும் என்று பலர் பயந்தார்கள். மானியம் பெறும் கல்விக்கான அந்த வரியை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மடிக்கணினிக்கும் கைபேசிச் சந்தாவுக்கும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

[திரையில்: ஐந்து மனித உருவங்கள். ஒன்று மெல்ல மறைகிறது.]

அடுத்தது உதவி நிதி. 2019 தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் ஓர் அறிவிப்பு செய்தார். ஆகக் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை பொதுவான பட்டப்படிப்புக்குக் கையிலிருந்து கட்டுவது ஆண்டுக்குச் சுமார் 4,000 வெள்ளியிலிருந்து 2,000க்கு இறங்கியது. மருத்துவத்துக்கு 5,000. உண்மையிலேயே பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

ஆனால் அந்த உதவி படிக்கட்டு மாதிரி. வருமானம் ஏற ஏற உதவி குறையும், ஒரு படிக்கு மேல் நின்றுவிடும். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைத் தனிநபர் வருமானம் சொல்லும். வீட்டின் மொத்தச் சம்பளத்தை வீட்டில் உள்ள தலைகளால் வகுக்க வேண்டும். நம் குடும்பத்தின் சம்பளம் மாதம் 11,000 வெள்ளி என்று வைப்போம். ஐந்து பேர், ஆளுக்கு 2,200. பாட்டி ஜூரோங்கில் பெரியப்பா வீட்டுக்கு முகவரியை மாற்றிக்கொண்டால்? நான்கு பேர், ஆளுக்கு 2,750. சம்பளம் ஒரு காசுகூட ஏறவில்லை. பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு போனதில் குடும்பம் தாளில் பணக்காரக் குடும்பமாகிவிட்டது.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. தமிழ்நாட்டில் இருக்கும் தாத்தாவுக்கு மாதாமாதம் அனுப்பும் 500 வெள்ளியும் அத்தையின் மருத்துவச் செலவும் இந்த வகுத்தலில் வராது. அவர்கள் உங்கள் முகவரியில் இல்லை. கூட்டுக் குடும்பம் கடல் தாண்டியும் நீளும் என்பதைப் படிவம் அறியாது.

மொத்தத்தில், ஆக அடியில் இருப்பவருக்குக் கைத்தாங்கல் உண்டு. மேலே இருப்பவருக்குக் கவலை இல்லை. படிக்கட்டின் கடைசிப் படிக்கு ஒரு விரல் மேலே நிற்கும் குடும்பத்துக்குத்தான் ஒவ்வோர் ஏற்றமும் முழுசாக விழுகிறது. நம் சமூகத்தில் அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவில்லை. 1991ல் தொடங்கிய சிண்டாவுக்காக (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நம் சம்பளச் சீட்டில் மாதம் பிடிக்கும் சிறு தொகை இந்திய மாணவர்களுக்கு ஏதோ ஒரு வழியில் போய்ச் சேருகிறது. ஆனாலும் சமூக அமைப்புகளின் உதவி பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்களுக்கே முதலில் போகும், போகவும் வேண்டும்.

சரி, உதவி இல்லாதவர் என்ன செய்வார்? இரண்டு கதவுகள்.

முதல் கதவு, மத்திய சேமநிதிக் கல்விக் கடன். அப்பா அல்லது அம்மாவின் சாதாரணக் கணக்கிலிருந்து, அதாவது சேமநிதியில் வீட்டுக்கும் படிப்புக்கும் எடுக்கக்கூடிய பகுதியிலிருந்து, மானியம் போக மீதிக் கட்டணத்தைக் கட்டலாம். ஆனால் அங்கே சேர்ந்திருப்பதில் 40 விழுக்காடு வரைதான். இங்கேதான் பல வீடுகளில் சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் அந்தக் கணக்கை வீடு ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது. இருபது வருடமாக வீவக கடன் தவணை அதிலிருந்துதான் போகிறது. அப்பா கணக்கில் 30,000 வெள்ளி மிச்சம் என்றால், எடுக்கக்கூடியது 12,000. அண்ணன் தங்கை இருவருக்கும் ஓர் ஆண்டுக் கட்டணமே 16,000. முதல் ஆண்டையே தாண்டவில்லை!

இரண்டாவது கதவு, வங்கி வழியாகக் கொடுக்கப்படும் கல்விக் கட்டணக் கடன். குடிமக்களுக்குக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை. படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. படித்து முடித்ததும் வட்டி ஆரம்பிக்கும். பல ஆண்டுகளாக அது மூன்று உள்ளூர் வங்கிகளின் அடிப்படை வட்டியின் சராசரியாக இருந்தது. அந்தச் சராசரி 4.75 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது.

[திரையில்: இரண்டு பத்திகள், பக்கம் பக்கமாக.]

ஒரே தொகையை இரண்டு கதவிலும் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டுக் கட்டணத்தில் 90 விழுக்காடு, அதாவது 28,800 வெள்ளி. வங்கிக் கடன், 4.75 விழுக்காடு, பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் ஏறக்குறைய 302 வெள்ளி. சேமநிதியின் வட்டி 2.5 விழுக்காடுதான். ஆனால் அது பணத்தை எடுத்த நாளிலிருந்தே ஓடும். திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கும். அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 296.

எனக்கே ஆச்சரியம். வட்டி பாதிதான், தவணை கிட்டத்தட்ட அதே! ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. வங்கிக் கடனின் வட்டி வீட்டை விட்டு வெளியே போகிறது. சேமநிதி வட்டி திரும்ப அப்பாவின் கணக்குக்கே வருகிறது, அது அவருடைய ஓய்வுக்காலப் பணம். அதனால், “அப்பா காசுதானே, மெதுவாகக் கட்டலாம்” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பாவுக்கு 55 வயது வரும்போது ஓய்வுக்காலக் கணக்குக்குப் பணம் மாற்றுவார்கள். நீங்கள் கட்டாமல் வைத்திருப்பது அங்கே குழியாகத் தெரியும்.

கையில் ரொக்கச் சேமிப்பு இருக்கும் குடும்பத்துக்கு ஒரு சின்ன வித்தை. வட்டியில்லாத காலத்தில் வங்கிக் கடனை வாங்கிக்கொள்ளுங்கள். சேமிப்பை அதன் இடத்திலேயே விட்டு, படிப்பு முடிந்து வட்டி தொடங்கும் முன் மொத்தமாக அடைத்துவிடுங்கள். அப்புறம், பள்ளிக் காலத்து எடுசேவ் என்ற அரசாங்கக் கல்வி நிதியின் மிச்சமெல்லாம் போய்ச் சேரும் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு ஒன்று பிள்ளை பெயரில் இருக்கும். பலர் அதை மறந்தே போகிறார்கள். கட்டணத்துக்கும் பயன்படும், அரசாங்கக் கல்விக் கடனை அடைக்கவும் பயன்படும்.

தனியார் கல்வி நிலையங்களில் வெளிநாட்டுப் பட்டம் படிப்பவர்களுக்கு இந்த இரண்டு கதவுகளும் பொதுவாகத் திறப்பதில்லை. மானியமும் இல்லை. உள்ளூர் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத பிள்ளை, கிடைத்த பிள்ளையைவிட அதிகம் கட்டுகிறது. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

மாணவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட, மாலையில் உயர்நிலை மாணவர்களுக்கு டியூஷன் எடுக்கிறார்கள். அங்கே அந்த அம்மா அப்பா கட்டுவதோ, தங்கள் பிள்ளையும் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று. பணம் இந்த ஊரில் நன்றாக வட்டமடிக்கிறது. விடுதியில் தங்காமல் ஈசூனிலிருந்து நன்யாங் வரை தினமும் போய் வருகிறார்கள். பரிமாற்றத் திட்டத்தில் ஓர் அரையாண்டு ஐரோப்பா போகும் வாய்ப்பு வந்தால், கடிதத்தை வீட்டில் காட்டாமலேயே மறுத்துவிடுகிறார்கள். தமிழ் இலக்கியமோ வரலாறோ படிக்க ஆசைப்பட்ட பிள்ளை கணினிப் பக்கம் திரும்புகிறது. கட்டண ஏற்றம் 200 வெள்ளியா 300 வெள்ளியா என்பதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. இந்த விட்டுக்கொடுத்தல்கள் எந்தக் கட்டணப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

கணினி படித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கையும் முன்போல் கெட்டியாக இல்லை. பட்டதாரி வேலை ஆய்வின்படி, 2024ல் முழுநேர நிரந்தர வேலையில் சேர்ந்த புதிய பட்டதாரிகளின் இடைநிலை மாதச் சம்பளம் 4,500 வெள்ளி. முந்தைய ஆண்டு 4,313. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை தேடியவர்களில் அப்படிப்பட்ட வேலை கிடைத்தவர்கள் 84.1 விழுக்காட்டிலிருந்து 79.5 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். 4,500ல் சேமநிதிக்கு 20 விழுக்காடு போனால் கைக்கு 3,600. அதில் 300 கடன் தவணை. தாங்க முடியாத சுமை இல்லை. அப்படிப்பட்ட முழுநேர நிரந்தர வேலை கிடைக்காத ஐந்தில் ஒருவருக்கு அதே 300 வேறு எடை.

சரி, நம் ஈசூன் வீட்டுக்குத் திரும்புவோம். நான் அந்த வீட்டில் இருந்தால் அண்ணனுக்கு வங்கிக் கடனும் தங்கைக்கு அப்பாவின் சேமநிதியில் எடுக்க முடிந்ததும் என்று பிரித்திருப்பேன். மீதியைத்தான் எங்கே தேடுவது என்று யோசித்திருப்பேன். ஆனால் அந்த மேசையில் முதலில் வர வேண்டிய கேள்வியை நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை: “அப்பா, உங்க சாதாரணக் கணக்குல எவ்வளவு இருக்கு?”

அப்பாக்கள் சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். என் அப்பா என் படிப்புக்கு எவ்வளவு எடுத்தார் என்பது, திருப்பிக் கட்டச் சொல்லி எனக்குக் கடிதம் வந்த அன்றுதான் தெரிந்தது.

[திரையில்: அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியைத் திறக்கிறார். மகள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறாள்.]