ஒரு கண்ணுக்கு வெண்ணெய்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் பெருமக்களே, வேதியியல் பேராசிரியர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசிவிட்ட செயலாளர் அவர்களே, எல்லாருக்கும் மேலாக, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார்களே, சித்தாள் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பு கேட்டிருந்தேன். தலைவர் இரண்டையுமே தந்துவிட்டார். நன்றி.

தலைப்பு கார்பனேட்டுகள், அதாவது கரியமில வாயுவைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் உப்புகள். வேதியியல், இயற்கை, அன்றாடப் பயன்பாடு என்று மூன்று பகுதியாகப் பேச வேண்டும். அதற்குமுன் ஒரு பழமொழி. ‘ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு’ என்பார்கள். நம் கட்டட உலகத்தில் வெண்ணெயெல்லாம் சிமென்டுக்கு. சுண்ணாம்புக்கு? சுண்ணாம்புதான்!

முதலில் வேதியியல். ஒரே ஒரு கணக்கு போதும். சுத்தமான சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட், 100 கிலோ எடுத்துச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் காளவாயில் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அது 18 கிலோ தண்ணீரைக் குடித்தால் 74 கிலோ நீற்றின சுண்ணாம்பு. இந்த 18 கிலோ தாளில் போடும் கணக்கு. வாளியில் பாதி ஆவியாய்ப் போகும், தாராளமாக ஊற்றுங்கள். சுவரில் பூசிய பிறகு அது காற்றிலிருந்து அதே 44 கிலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகிறது. கல்லாக இருந்தது மாவாகிச் சுவரேறி மீண்டும் கல்லாகிறது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலுக்கும் அரியலூர்க் கல்லுக்கும் இதில் வேற்றுமை இல்லை. கிளிஞ்சலில் களிமண் கலப்பு குறைவு, வெண்மை கூடுதல், அவ்வளவே.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதே, அதே சோதனைதான். பூசிச் சில வாரமான சுண்ணாம்புப் பூச்சில் ஒரு சில்லை உடைத்து, உடைந்த முகத்தில் மஞ்சள் நீரைத் தொட்டு வையுங்கள். வெளி ஓரம் மஞ்சளாகவே நிற்கும். அங்கே கார்பனேட் ஆகிவிட்டது. உள்பக்கம் குபீரென்று சிவக்கும். அங்கே இன்னும் நீற்றின சுண்ணாம்பு காத்திருக்கிறது. மாதம் கழித்து உடைத்தால் மஞ்சள் கோடு உள்ளே நகர்ந்திருக்கும்.

இயற்கையில் கார்பனேட் என்றால் அரியலூரில் கிடைக்கும் பழங்கடல் உயிர்களின் எச்சங்கள், மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள், சேலத்து மேக்னசைட் என்ற மெக்னீசியம் கார்பனேட் வெள்ளைக்கல் எல்லாம் இருக்கின்றன. விரிவாகப் பிறகு வருகிறேன்.

அன்றாடப் பயன்பாடு. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். மாவில் தயிரோ புளிப்போ இருந்தால் அதிலுள்ள கரியமில வாயு வெளிப்பட்டு மாவை உப்ப வைக்கும். புளிப்பு போதாமல் சோடாவை அள்ளிப் போட்டால் சூட்டில் சலவை சோடாவாக மாறிவிடும். பலகாரம் பழுப்பேறிச் சவுக்காரம்போல் காறுவது அதனால்தான். ஆழ்துளைக் கிணற்று நீர் கொதித்த பாத்திரத்தில் படியும் வெள்ளைப் பொருக்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரையும். பள்ளிக்கூடச் சாக்பீஸை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீர்கள். இங்கே விற்பதில் பெரும்பாலும் ஜிப்சம். அது சல்பேட் வீட்டுப் பிள்ளை.

இப்போது சென்னைத் திருவல்லிக்கேணிக் கதை ஒன்றுக்கு வருவோம். எந்தத் தெருவிலும் நடக்கிற கதை.

பாட்டன் காலத்துச் செங்கல் வீடு. சுண்ணாம்புச் சாந்துக் கட்டு, சுண்ணாம்புப் பூச்சு. வாசல் அறையில் தரையிலிருந்து ஓர் அடிக்கு ஓதம், அதாவது சுவரில் ஊறி ஏறும் ஈரம். வீட்டுக்காரர் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு மூன்றடிக்குச் சிமென்ட் பூசினார். ஓதம் போனது. அக்கம்பக்கத்தாருக்குக் காபி! அடுத்த மழைக்காலம் நாலடியில் ஓதம். சரி, நீர்த்தடுப்புப் பெயின்ட். ஐந்தடியில் ஓதம். சுவர்ப் புட்டி மாவு தேய்த்தார், அப்பளம்போல் உப்பிக்கொண்டு வந்தது. கோபம் வந்து ஐந்தரை அடிக்கு டைல்ஸ் ஒட்டினார். ஓதம் ஆறடியில் போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக் குளியலறைமேல் சந்தேகம்; இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. வாஸ்து பார்க்க ஒருவர் வந்து வாசல் கதவை மாற்றச் சொன்னார். கதவையும் மாற்றினார்! கடைசியில் ஆணி பிடுங்கிக்கொண்டு முருகன் படம் விழுந்தபோதுதான் வயதான கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் டைல்ஸைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “ஏன் சார், சித்திரை வெயில்ல சுவத்துக்கு ரெயின்கோட் மாட்டி விட்டிருக்கீங்களே, வேர்வை எந்த வழியாப் போகும்?”

அந்தக் கேள்விதான் முழு அறிவியலும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகி வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். தண்ணீர் வெளியேற இடம் கிடைக்கும்வரை மேலே ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும், செங்கல் முகத்தையும் மாவாக்கும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய் என்று பூசியது, இன்னொரு கண்ணையும் கெடுத்த கதை!

சிமென்டுக்கு நான் விரோதி அல்ல. தூணுக்கும் உத்தரத்துக்கும் கான்கிரீட்தான். ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். சுண்ணாம்பைக் கல்லாக்கும் அதே கரியமில வாயு, கான்கிரீட்டுக்குள் புகுந்தால் அதன் காரத்தன்மையைக் குறைத்துக் கம்பியின் பாதுகாப்பைப் பறிக்கிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரைக் காரையைப் பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்பில் கட்டி 1879-இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸும் 1892-இன் உயர்நீதிமன்றமும் நம் கண்முன் நிற்கின்றன. பளிங்குபோல் மினுக்கிய சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்து அந்நாள் வெளிநாட்டார் வியந்து எழுதினார்கள். அப்படிப்பட்ட ஊரில், பழைய வீட்டுக்கு மராமத்து மதிப்பீடு கேட்டால் சுண்ணாம்பு என்ற வரியே வருவதில்லை.

செய்முறையைக் கொத்தனார் தம்பிகள் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சுவரில் உள்ள சிமென்டைச் செங்கல்வரை கொத்தி எடுங்கள். சுவரை ஒரு கோடை முழுதும் காய விடுங்கள். பூக்கிற உப்பைத் துடைப்பத்தால் தட்டி அப்புறப்படுத்துங்கள், கழுவாதீர்கள், கழுவினால் உப்பு உள்ளே திரும்பிவிடும். சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, தண்ணீர் மூடினபடி குறைந்தது 3 வாரம் ஊற விடுங்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டி சுவரில் போனபின் ஈரம் குடித்து உப்பி, அம்மைக் கொப்புளம்போல் வெடிக்கும். சுண்ணாம்பு 1, மணல் 3. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பூசுமுன் சுவரை நனையுங்கள், பூசியபின் ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கரியமில வாயு ஈரத்தில் கரைந்துதான் வேலை செய்யும். வெயிலில் ஒரே நாளில் காய்ந்த பூச்சு கல்லாகாது. கை வைத்தால் மாவு ஒட்டும்.

மொட்டைமாடித் தளத்துக்குப் பொதுப்பணித் துறையின் பழைய அளவு பொறியாளர்களுக்கு மனப்பாடம்: செங்கல் ஜல்லி 32 கன அடிக்கு நீற்றின சுண்ணாம்பு 12½ கன அடி, மணல் கிடையாது. கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடிக்கிற ஆள் சலித்துப்போவதற்குள் தளம் இறுகிவிடாது, பொறுமை வேண்டும்.

கோரிக்கை இரண்டு. சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு மராமத்து என்பது ஒப்பந்தப் புள்ளியில் தனி வரியாக வர வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் கொத்து வேலை படிக்கும் பிள்ளைகள் ஒரு முறையாவது சுண்ணாம்பு நீற்ற வேண்டும். வெண்ணெயைப் பறிக்கச் சொல்லவில்லை. இந்தக் கண்ணுக்கும் ஒரு துளி கேட்கிறோம்.

தலைவர் மணியடித்துவிட்டார். பவளப்பாறை அடுத்த கூட்டத்துக்கு. பின்வாசலில் மூன்று வாளி வைத்திருக்கிறோம்: இன்று நீற்றப்போவது, ஒரு வாரம் ஊறியது, 3 வாரம் ஊறியது. கடைசி இரண்டையும் கரண்டியால் எடுத்துப் பூசிப் பார்க்கலாம். முதல் வாளியைத் தண்ணீர் ஊற்றும்போது நாலடி தள்ளி நின்று பாருங்கள், கண்ணாடி போடாதவர்கள் இன்னும் நாலடி தள்ளி.