பணம் தருபவரே காவலுக்கும் நின்றால்

வணக்கம், நேயர்களே.

2014 ஜூலை முதல் தேதி. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில், தேசியச் சுகாதார நிறுவன வளாகத்தில் ஓர் ஆய்வகத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். குளிர்சேமிப்பு அறையில் கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளுக்குள் கண்ணாடிக் குப்பிகள். அவற்றில் ஆறின் மேல் பெரியம்மை என்று பெயர் ஒட்டியிருந்தது. 1954ஆம் ஆண்டுச் சரக்கு. சோதித்துப் பார்த்தால், இரண்டு குப்பிகளில் வைரஸ் உயிரோடு இருந்தது. அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டுமே அதை வைத்திருக்கலாம் என்பது உலக நாடுகளின் உடன்பாடு. இங்கே அது கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது.

அதே ஆண்டில் இன்னொன்று. அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம், வீரியம் குறைந்த ஒரு பறவைக்காய்ச்சல் மாதிரியை வேளாண்துறை ஆய்வகத்துக்கு அனுப்பியது. அதில் எச்5என்1 என்னும் கொடிய பறவைக்காய்ச்சல் வைரஸ் கலந்திருந்தது. கோழிகள் செத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இவையெல்லாம் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். தெரிந்தே செய்வதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

2011இல் நெதர்லாந்தின் ரான் ஃபூஷியே குழுவும், விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும், எச்5என்1 வைரஸைக் காற்றுவழி பரவும்படி மாற்றிக் காட்டினார்கள். சோதனைக்கு எடுத்தது ஃபெரட் என்னும் சிறு விலங்கை. சளிக்காய்ச்சல் வந்தால் அது நம்மைப் போலவே தும்மும். எந்த மாற்றங்களைக் கண்டால் எச்சரிக்கையாக வேண்டும் என்று அறியத்தான் இந்த ஆய்வு என்றார்கள். அந்த வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் அமெரிக்க அரசின் பணம் செலவாகி, ஆய்வும் முடிந்து, கட்டுரை அச்சுக்குப் போகும் வேளையில்தான் அந்த அரசின் உயிரியல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு விழித்துக்கொண்டு, விவரங்களை மறைக்கச் சொன்னது. சில மாதங்களில் அதுவும் மனம் மாறியது. 2012இல் இரு கட்டுரைகளும் வெளிவந்தன.

2014 அக்டோபரில் இத்தகைய ஆய்வுகளுக்கான நிதியை வெள்ளை மாளிகை நிறுத்திவைத்தது. 2017 டிசம்பரில் புதிய விதிமுறையோடு தடை நீங்கியது. அந்த விதிமுறையில்தான் எனக்குக் குறை. எந்த ஆய்வு ஆபத்தானது என்று முதலில் கண்டு, சுகாதாரத் துறையின் மேல்குழுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, பணம் தரும் நிறுவனமே. விடைத்தாளைத் திருத்தும் வேலையை எழுதியவரிடமே கொடுத்தது போல! மேல்குழு வரை போன ஆய்வுகளை ஒரு கை விரல்விட்டே எண்ணிவிடலாம். எதை ஆபத்து என்று கொள்வது என்பதற்கான அளவுகோலே தெளிவாக இல்லை என்று 2023இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பும் சொன்னது.

இதற்கு வழி அந்த நாட்டிடமே உண்டு. அணுசக்தியை வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே ஆணையத்தின் கையில் இருந்தபோது, அது தகாது என்று 1974இல் சட்டம் இயற்றி அதைப் பிரித்தார்கள். கண்காணிப்புக்கென்றே தனி ஆணையம் வந்தது. வைரஸ் ஆய்வுக்கும் அப்படி ஒன்று வேண்டும். நிதி ஒதுக்காத, ஆனால் ஆய்வகத்தை மூடும் அதிகாரமுள்ள அமைப்பு. அரசுப் பணம் வாங்காத தனியார் ஆய்வகங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளைக் கண்காணிக்க 2024இல் அமெரிக்க அரசு அறிவித்த அடுத்த கொள்கை, 2025 மே 6 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. அதற்கு முந்தைய நாள், அதை மாற்றி எழுதச் சொல்லி அதிபரின் ஆணை வந்தது.

நன்றி, வணக்கம்.