அக்காவுக்கு ஒரு பேர், தம்பிக்கு வேற பேர் ஏன்? ஆளுமைக் கோளாறும் பாலினச் சாய்வும்

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: "எனக்கும் என் தம்பிக்கும் கிட்டத்தட்ட ஒரே பிரச்சனை. பொசுக்குனு கோபம், கையைக் கீறிக்கறது, யார்கூடவும் உறவு நிக்காது. எனக்கு பார்டர்லைன் பர்சனாலிட்டின்னு எழுதினாங்க. அவனுக்குக் குடிப்பழக்கம்னு மட்டும் எழுதினாங்க. பொம்பளைன்னா ஒண்ணு, ஆம்பளைன்னா ஒண்ணா?"

பார்டர்லைன்ங்கறது உணர்ச்சி, உறவு, தன்னைப் பத்தின எண்ணம் எதுவும் நிலையா நிக்காத ஒரு ஆளுமைக் கோளாறு. உங்க ரெண்டு பேரையும் நேர்ல பார்க்காம, எழுதினது சரியா தப்பான்னு நான் சொல்லக் கூடாதும்மா. ஆனா நீங்க சந்தேகப்படறது நிஜமாவே நடக்குது.

1989ல ஃபோர்டு, விடிகர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு ஆய்வு பண்ணாங்க. 354 உளவியலாளர்களுக்கு நோயாளியோட விவரத்தை எழுதி அனுப்பினாங்க. விவரம் அதேதான், ஆணா பெண்ணாங்கறதை மட்டும் மாத்தினாங்க. சமூக விரோத ஆளுமைக்கு, அதாவது அடுத்தவங்க உரிமையை மதிக்காம விதியை மீறிட்டே இருக்கற ஆளுமைக்குப் பொருந்துற விவரத்துல பெண்ணுன்னு போட்டிருந்தா, நிறைய பேர் அந்தப் பேரை விட்டுட்டு ஹிஸ்ட்ரியானிக், அதாவது கவனத்தை ஈர்க்க நாடகமாடுற ஆளுமைன்னு எழுதினாங்க. அந்த ஆய்வுல இன்னொரு பாதியும் உண்டு, எனக்கு அதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. முழு விவரத்தையும் கொடுக்காம ஒவ்வொரு நடத்தையையும் தனித்தனியாக் கொடுத்து, 'இது இந்த அறிகுறிதானா?'ன்னு கேட்டப்போ, ஆண் பெண் வித்தியாசமே வரலை. அப்போ தப்பு எங்க நடக்குது? பார்க்கறதுல இல்ல. ஒண்ணொண்ணா எண்ணாம, மொத்தமா ஒரு தடவை பார்த்துட்டு 'ஓ, இது அந்த டைப்'னு பேர் வைக்கிறோம் பாருங்க, அந்த நொடியிலதான்.

பார்டர்லைனுக்கு வருவோம். டிஎஸ்எம்ங்கற, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட நோய்க் கையேட்டுல இதுக்கு 9 அறிகுறி இருக்கு, அதுல 5 இருந்தா அந்தப் பேரை வைக்கலாம். கணக்குப் போட்டா 256 விதமா அந்த அஞ்சோ அதுக்கு மேலயோ சேரலாம். அதே பேர் உள்ள ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கலாம்.

அந்த ஒன்பதுல ஒண்ணு, யோசிக்காமச் செஞ்சு தனக்கே கேடு தேடிக்கறது. பணத்தை இறைக்கறது, பாலுறவு, போதை, கண்மண் தெரியாம வண்டி ஓட்டறது, அடக்க முடியாமச் சாப்பிடறது, இதுல எதாவது ரெண்டுலயாவது இருக்கணும். இப்போ உங்க தம்பி குடிச்சுட்டு பைக்கைத் தாறுமாறா ஓட்டினா, குடி ஒரு கேஸ் ஷீட்டுக்குப் போகும், விபத்து இன்னொரு ஆஸ்பத்திரி ஷீட்டுக்குப் போகும். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்க ஆள் இல்ல. கோபமும் அறிகுறிதான். ஆனா ஆம்பளை பாத்திரத்தைத் தூக்கி எறிஞ்சா 'முன்கோபி'. பொம்பளை எறிஞ்சா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க.

யார் எங்க வந்து சேர்றாங்கங்கறதும் கணக்கை மாத்துது. 1994ல வந்த டிஎஸ்எம் நாலாம் பதிப்பு, பார்டர்லைன்னு சொல்லப்படறவங்கள்ல சுமார் 75 சதவீதம் பெண்கள்னு எழுதிச்சு. அது பெரும்பாலும் மனநல கிளினிக்ல கண்ட கணக்கு. அமெரிக்காவுல 34,000 பேருக்கு மேல நேர்ல பேட்டி எடுத்து 2008ல வெளிவந்த ஆய்வுல ஆண்கள் 5.6 சதவீதம், பெண்கள் 6.2 சதவீதம். வித்தியாசம்னு சொல்லவே ஒண்ணும் இல்ல. மிச்ச ஆம்பளைங்க எங்க? குடி மீட்பு வார்டுல, போலீஸ் ஸ்டேஷன்ல, ஜெயில்ல தேடணும்.

எல்லா வித்தியாசமும் சாய்வுன்னு நான் சொல்லலை. சமூக விரோத ஆளுமை, பொது மக்கள்கிட்ட எடுத்த ஆய்வுகள்லயும் ஆண்கள்கிட்டதான் அதிகம். ஆனா அதுலயும் ஒரு சிக்கல். 15 வயசுக்கு முன்னாடியே நடத்தைக் கோளாறு இருந்ததுக்கு ஆதாரம் வேணும். அந்தப் பட்டியல்ல அடிதடி, ஆயுதம், தீ வைக்கறது, பூட்டை உடைக்கறதுன்னு பையன்கள் பண்றதுதான் நிறைய. பொண்ணு அமைதியா ஏமாத்தினா, திருடினா, வீடு அதை வெளியில சொல்லாம மூடிடும். ஆதாரமே பதிவாகாது.

சரி, நீங்க என்ன பண்ணலாம்? ஒரு நோட்டு போடுங்க. ரெண்டு மாசம் எழுதுங்க. தேதி, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க, அந்த மனநிலை எத்தனை மணி நேரம் இருந்தது. இந்தக் கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். பார்டர்லைன்ல மனநிலை சாதாரணமா சில மணி நேரத்துல மாறிடும், சில நாளைத் தாண்டறது அபூர்வம். தூக்கமே தேவைப்படாம, அளவுக்கு மீறின வேகத்தோட தொடர்ந்து 4 நாளோ அதுக்கு மேலயோ போனா, பைபோலாரான்னு, அதாவது மனநிலை ரொம்ப உச்சத்துக்கும் ரொம்பத் தாழ்வுக்கும் போற நோயான்னு டாக்டர் பார்த்தாகணும். அதுக்கு மருந்தே வேற.

அப்புறம் சின்ன வயசுல அடி, பாலியல் கொடுமை எதாவது இருந்திருந்தா, டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களா சொல்லுங்க. 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி 11ல, அதாவது உலக சுகாதார அமைப்போட நோய்ப் பட்டியல்ல, காம்ப்ளெக்ஸ் பிடிஎஸ்டின்னு, இந்த மாதிரிக் கொடுமையால மனசுல தங்கிப்போன காயத்துக்குத் தனியாவே ஒரு நோய் இருக்கு. பெண்கள் கோபத்தோட வரும்போது பல நேரம் அந்தக் காயம் கேட்கப்படாமலே போயிடுது. தம்பிகிட்டயும் இதைக் கேட்கணும். 'ஆம்பளைப் பையனுக்கு அதெல்லாம் நடக்காது'ன்னு நினைச்சுக் கேட்காம விடறதும் சாய்வுதான்.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட மரியாதையா, நேரா கேளுங்க: "சார், அந்த 9ல எனக்கு எந்த அஞ்சு இருக்கு? ஒவ்வொண்ணுக்கும் என் வாழ்க்கையில என்ன உதாரணம் பார்த்தீங்க?" பதில் சொல்ல ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா, வேற மனநல மருத்துவர்கிட்ட ரெண்டாவது கருத்து வாங்குங்க. முறையான கேள்வித் தொகுப்பை வச்சு, அறிகுறி அறிகுறியா பேட்டி எடுப்பீங்களான்னும் கேளுங்க. ஓபியில பத்து நிமிஷம் பேசிட்டு வைக்கிற பேர் இல்ல இது. இளவயசுலேர்ந்து, வீடு, வேலை, நட்புன்னு எல்லா இடத்துலயும் அதே மாதிரி வருதான்னு பார்க்கணும்.

இன்னொண்ணு, 'ராத்திரி லேட்டா வர்றா, கல்யாணம் வேண்டாங்கறா, எதிர்த்துப் பேசறா'ன்னு வீட்ல சொல்றது எதுவும் அறிகுறி ஆகாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 3வது பிரிவு, ஊர் ஒழுக்கத்துக்கும் வழக்கத்துக்கும் ஒத்துப்போகலைங்கறதை வச்சு மனநோய்னு தீர்மானிக்கக் கூடாதுன்னு சொல்லுது.

தம்பி விஷயம்: குடிக்கு மட்டும் வைத்தியம் பண்ணி அனுப்பிட்டா, அந்தக் கீறலுக்கும் கோபத்துக்கும் யாரும் சிகிச்சை கொடுக்க மாட்டாங்க. டிபிடின்னு (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) ஒரு பேச்சு சிகிச்சைப் பயிற்சி இருக்கு, மார்ஷா லினஹன்ங்கற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கினது. உணர்ச்சி பொங்கும்போது கையைக் கீறாம அந்த நேரத்தைக் கடக்கச் சொல்லித்தரும். குடி நின்ன பிறகும் கோபமும் கீறலும் தொடருதான்னு அவருக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு போட்டு, அடுத்த தடவை அவர்கூட நீங்களும் போங்க. டாக்டர் முன்னாடி அதை எடுத்து வைங்க, கையில இருக்கற தழும்பையும் காட்டச் சொல்லுங்க. முழுக்கைச் சட்டை போட்டுட்டு வர்ற பையன்கிட்ட அதை யாரும் கேட்கறதே இல்ல.