கையுறையைத் திருடியவன் கண் அவிஞ்சு போகட்டும்! தெய்வத்துக்கு வந்த 130 புகார் மனுக்கள்

[திரையில்: கிறுக்கல் எழுத்துகள் நிறைந்த ஒரு சின்ன ஈயத் தகடு]

ஒருவருடைய கையுறை இரண்டும் திருட்டுப் போய்விட்டன. அதற்கு அவர் தெய்வத்திடம் என்ன கேட்டார் தெரியுமா? எடுத்தவனுக்குப் புத்தி பேதலிக்க வேண்டும், கண் போக வேண்டும். அதுவும் கோயிலுக்குள்ளேயே, தெய்வம் குறிக்கிற இடத்தில் நடக்க வேண்டும். ஒரு ஜோடி கையுறைக்கு இவ்வளவு!

அவர் பெயர் டோசிமெடிஸ். ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்து மனிதர். இன்றைக்கு இங்கிலாந்தில் பாத் என்று சொல்கிற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. 46 டிகிரி சூட்டில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பொங்கி வரும். அதற்கு உரிய பெண் தெய்வம் சூலிஸ் மினெர்வா. 1979, 80-ல் அந்த ஊற்றின் அடியில் தோண்டியபோது, ஆயிரக்கணக்கான நாணயங்களோடு சுமார் 130 ஈயத் தகடுகள் கிடைத்தன. முக்கால்வாசி திருட்டுப் புகார்தான்.

இங்கே கொஞ்சம் கோட்பாடு சொல்லியாக வேண்டும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஜேம்ஸ் ஃப்ரேசர் என்ற அறிஞர் 1890-லிருந்து எழுதியதன் சாரம் இது: மந்திரம் என்பது கட்டளை, மதம் என்பது வேண்டுதல், இரண்டும் வேறு வேறு. பாத் தகடுகளுக்கு முன்னால் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. ஒரே வரியில் கெஞ்சல் இருக்கும், மிரட்டல் இருக்கும், பேரமும் இருக்கும். சரி, கோட்பாடு போதும். தகடுகளுக்கு வருவோம்.

டோசிலியானஸ் என்று இன்னொருத்தர். இவருக்குப் போனது முக்காடு வைத்த மேலங்கி. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமை இல்லாதவரோ, சாகட்டும் என்கிறார். அந்த அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை தூக்கமும் வரக்கூடாது, பிள்ளையும் பிறக்கக்கூடாதாம். அந்த ‘ஆணோ பெண்ணோ’ வரிசையைக் கவனியுங்கள். தகடு தகடாக இதே வாசகம் வருகிறது. ‘நீங்கள் திருடன் என்றுதானே எழுதினீர்கள், எடுத்தது ஒரு பெண்ணாச்சே’ என்று தெய்வம் கையை விரித்துவிடக் கூடாது பாருங்கள். அன்னியானஸ் என்பவர் பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசு போயிருக்கிறது. அவர் ‘கிறிஸ்தவரோ, கிறிஸ்தவர் அல்லாதவரோ’ என்று ஆரம்பிக்கிறார். ஊருக்குள் புதிதாக ஒரு மதம் வந்திருக்கிறது, அதையும் படிவத்தில் சேர்த்தாயிற்று! அதே தகட்டின் பின்பக்கத்தில் 18 பேருடைய பெயர் இருக்கிறது. சந்தேகப் பட்டியலாக இருக்க வேண்டும். பதினெட்டுப் பேரைச் சந்தேகப்படுகிறவர் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால் என்னை அசர வைத்தது வேறு ஒரு தகடு. அதுவும் ஆறு வெள்ளிக் காசு விவகாரம்தான். அதை எழுதியவர் ‘என் காசை மீட்டுக் கொடு’ என்று கேட்கவே இல்லை. ‘தொலைந்துபோன அந்த ஆறு காசையும் தெய்வத்துக்கே கொடுத்துவிட்டேன். கீழே எழுதியிருக்கிற பெயர்களிடமிருந்து வசூலிப்பது தெய்வத்தின் பொறுப்பு’ என்கிறார். கீழே மூன்று பெயர்கள்.

என்ன மூளை பாருங்கள்! கையில் இல்லாத காசைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். இனி அது அம்மன் சொத்து. திருடன் வைத்திருப்பது இவருடைய பணத்தை அல்ல, அம்மனுடைய பணத்தை. வராக்கடனை வசூல்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிற மாதிரி. கடைசி வரியில், ஏட்டில் இருந்தது பிரதி எடுக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு வேறு. அசலைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார்கள் ஐயா!

[திரையில்: வரைபடத்தில் பாத், அதற்கு வடக்கே யூலி]

பக்கத்தில் யூலி என்ற ஊரில் மெர்க்குரி என்ற ரோமானிய சாமிக்குக் கோயில் இருந்தது. அங்கே சாட்டர்னினா என்ற பெண் துணி ஒன்று தொலைந்ததற்கு மனு போட்டிருக்கிறார். பொருள் திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு சாமிக்கு, அதுவும் சாமி வசூலித்துக் கொடுத்தால்தான் என்று நிபந்தனை. இதில் கூத்து என்னவென்றால், மனு முதலில் மார்ஸ் சில்வானஸ் என்ற வேறொரு சாமிக்கு எழுதியது. அந்தப் பெயரை அழித்து, மேலேயே மெர்க்குரி என்று எழுதிவிட்டார்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. இந்த மனிதர்கள் யோசிக்காமல் எழுதவில்லை. கையில் கிடைக்கிற பலன் வேண்டும் என்று வந்துவிட்டால் மனிதன் தெய்வத்திடமும் ஓட்டை இல்லாத பத்திரம்தான் எழுதுகிறான். நம்பிக்கை எவ்வளவோ, முன்ஜாக்கிரதையும் அவ்வளவு. நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் கமெண்டில் திட்டுங்கள், படிக்கிறேன்.

மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் கடலில் இருக்கும் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி இதே ஜாக்கிரதையைப் பார்த்தார். உள்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் கிடையாது. அங்கே மீன் நிச்சயம். திறந்த கடலுக்குப் போகும்போதுதான், உயிருக்கும் ஆபத்து, மீனும் நிச்சயமில்லை என்பதால், சடங்குக்கு மேல் சடங்கு. தோட்டத்துக்கும் மந்திரம் உண்டு. ஆனால் ‘வேலையை விட்டுவிட்டு மந்திரத்தை மட்டும் நம்பிப் பயிர் செய்யேன்’ என்று அவர்களிடம் சொன்னால், சொல்கிறவருடைய அப்பாவித்தனத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். பாத்தில் யாருக்காவது அங்கி திரும்பியதா என்பதற்குப் பதில் தகடு எதுவும் கிடைக்கவில்லை. நம் காலத்தில் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதயத்துக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஒரு ஆய்வு நடத்தி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். தங்களுக்காக ஜெபம் நடக்குமா நடக்காதா என்று தெரியாதவர்களில், ஜெபம் நடந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும் நடக்காதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. ஜெபம் நிச்சயம் நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம்! ‘நமக்காக ஜெபிக்கிறார்கள் என்றால் நிலைமை அவ்வளவு மோசமா’ என்ற பயமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம். தற்செயலாகவும் இருக்கலாம்.

கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று பைபிளே சொல்கிறது, அப்புறம் எதற்கு இந்த ஆய்வு என்று சில விசுவாசிகள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அதே பைபிளில் கிதியோன் இருக்கிறார். எதிரிகளோடு சண்டை போடக் கடவுள் அனுப்பிய ஆள். கடவுள் நிஜமாகவே ஜெயிக்க வைப்பாரா என்று அவருக்குச் சந்தேகம். ரோமமுள்ள ஆட்டுத்தோல் ஒன்றைக் கதிரடிக்கும் களத்தில் போட்டு, ராத்திரிப் பனியில் தோல் மட்டும் நனையட்டும், தரை காய்ந்திருக்கட்டும் என்று கேட்டார். மறுநாள் காலை தோலைப் பிழிந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர். போதவில்லை. இப்போது தரை நனையட்டும், தோல் காய்ந்திருக்கட்டும் என்று மாற்றிக் கேட்டார். ஆய்வகத்தில் ஒப்பீட்டுச் சோதனை என்று நாம் செய்வது இதுதானே! அதுவும் அப்படியே நடந்தது என்கிறது கதை. அதற்கு அப்புறமும் கிதியோனுக்குப் பயம் போகவில்லை. ராத்திரி எதிரி முகாமுக்குப் போய், கிதியோன்தான் ஜெயிப்பார் என்று அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்ட பிறகுதான் சண்டைக்குக் கிளம்பினார்.